சிதம்பரத்துத் தகர வீடு

பெண் குழந்தைகள் பொம்மை வைத்து விளையாடும் அந்தப் பழைய தகர வீட்டைச் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் மரிய ஜோசப். மனைவி ஜோதி மேரி பார்த்த பார்வையிலேயே அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதே மாதிரி நம்ம பரண்ல ஒண்ணு இருந்துச்சே?"

"ஒனக்கு எல்லாத் தகரமும் ஒண்ணுதான். இது அசல் சீமைச் சரக்கு. சுவத்துல ரோஜாப்பூ அச்சடிச்சிருக்கான் பாரு. ஆணியே இல்லாம தகரத்த மடக்கியே சேத்திருக்கான். இதையெல்லாம் வச்சுத்தான் கண்டுபுடிக்கணும். வித்த கடைக்காரனுக்கே இதோட அருமை தெரியல."

"நல்லாப் பாத்துதான வாங்குனீங்க?"

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். இத்தன வருஷமா பழம்பொருள் சேக்குறவனுக்கு நீ சொல்லிக் குடுக்குறியா?"

அவள் காபியும் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பொருளை உற்றுப் பார்க்கிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் தன்னைத் தவிர யாருக்கும் கிடையாது என்று நொந்தபடியே இரண்டு பழத்தைத் தின்றார். நன்றாகத்தான் இருந்தது.

"ஒரே ஒரு குறை. சமையல்கட்டுல துருப் புடிச்ச எடத்துல நகப்பாலிஷ் பூசி வச்சிருக்கான், எவனோ முட்டாப்பய."

"நான்தாங்க பூசுனேன்."

மூன்றாவது பழம் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

"பரண்ல எடமே இல்லன்னு போன வாரம் இதப் பழைய இரும்பு வண்டிக்காரங்கிட்ட போட்டுட்டேன். சாப்புடுங்க, அதுக்குத்தான் இந்தப் பேரீச்சம்பழம் குடுத்தான்."