பூனை முதுகு

தோங்தி புல்தரையில் மல்லாந்து கிடந்து செத்துக்கொண்டிருந்தார். ஆற்றோரப் பூங்காவில் வாரத்தில் மூன்று மாலை அவர் இப்படிச் சாவது வழக்கம் என்பதால், யாரும் பதறவில்லை.

"ஐயோ, என் முதுகு! கோயில் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போய் எரிச்சிடுங்க. என் குதிரையை மட்டும் நல்ல வண்டிக்காரனாப் பாத்துக் குடுங்க."

"சாகுறதுன்னா பாயைச் சுருட்டி வெச்சிட்டுச் சாவுய்யா. அது ஆஸ்பத்திரிப் பாய்," என்றார் பக்கத்தில் படுத்திருந்த லம்துவான். சந்தையில் பன்றி இறைச்சி வாட்டி விற்பவர்.

தாய்லாந்தின் லாம்பாங் நகரத்தில் முதுகுவலிக்காரர்கள் நிறைய, பாய்கள் கொஞ்சம். குணமானவர் பாயை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. இதுவரை ஒருவரும் போகவில்லை. முதல் நாள் எப்படி முனகினார்களோ, அப்படியே முனகிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி சார்பில் உடற்பயிற்சி தரும் ரத்சனிக்கு இது பெரிய அவமானம். படுக்கையில் விழுந்த கணவரை இரண்டு வருடம் தனி ஆளாகத் தூக்கி உட்காரவைத்து, திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவர். போன மழைக்காலத்தில் கணவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த வாரமே இந்த வகுப்பைத் தொடங்கிவிட்டார் ரத்சனி. அழ வேண்டிய நேரத்தில் இவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பூனை முதுகு! எல்லாரும் குப்புறத் திரும்பி நாலு கால்ல நில்லுங்க. முதுகை மேல தூக்குங்க."

"மறந்துபோச்சு டாக்டரம்மா," என்றார் தோங்தி. "ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"முந்தாநாள்தானே காட்டினேன்! உங்க குதிரைக்குச் சொல்லிக் குடுத்திருந்தா இந்நேரம் அது வகுப்பே எடுக்கும்."

"அது புத்தியுள்ள குதிரை. நான் அப்படியா?"

ரத்சனி பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டார், கைகளை ஊன்றினார், முதுகை வளைத்துக் காட்டினார். தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார் லம்துவான். மறுபடி காட்டினார். கடைசிப் பாயில் இருந்தவர் அந்த நேரம் பார்த்துத் தும்மிவிட்டாராம். மறுபடியும் காட்டினார்.

"வீட்டுல நீங்களும் இதெல்லாம் செய்வீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார் லம்துவான்.

"எனக்கெதுக்கு? நான் பூனை மாதிரி வளைஞ்சிட்டிருந்தா ஆஸ்பத்திரி வேலையை யாரு பாக்குறது?" ரத்சனி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குப் பரீட்சை. எல்லாரும் மல்லாந்து படுங்க. கைத்தாங்கல் இல்லாம எழுந்திரிக்கிறவங்க பாயைக் குடுத்துட்டுக் கிளம்பலாம். செங்கல் சூளையில வேலை செய்யற பொண்ணு ஒண்ணு, முதுகு நிமிர்த்த முடியாம காத்திட்டிருக்கு."

தோங்தி கண்ணை மூடிக்கொண்டார். அந்த வகுப்பை விட்டு அனுப்பினால் தாங்காது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தலையை லேசாகத் தூக்கினார். "ஆ!" என்று அலறி மறுபடி விழுந்தார்.

"எனக்கு ரெண்டு ஆள் வேணும். இல்லேன்னா ஒரு கிரேன் வரச் சொல்லுங்க."

"எனக்கும் அந்தக் கிரேன்தான்," என்றார் லம்துவான். வரிசை முழுக்க முனகல் பரவியது.

ரத்சனி தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவசரமே இல்லை. அப்படியே படுத்திருங்க."

கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. மணி ஆறு. தினமும் இந்நேரத்துக்கு ஊர் முழுக்க ஒலிக்கும் தேசிய கீதம் தொடங்கியது.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிய இடத்தில் நின்றார்கள். சைக்கிள்கள் நின்றன. தோங்தி பாட்டின் முதல் அடி முடிவதற்குள் துள்ளி எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, விறைப்பாக நின்றார். லம்துவான் அவருக்கும் முந்திவிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். நோயாளி வேடம் அதற்கு ஈடு கொடுக்குமா? வரிசை முழுக்க நிமிர்ந்து நின்றது, ஒரு முதுகிலும் கோணல் இல்லை.

கடைசியாக எழுந்தவர் ரத்சனிதான். மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை.

முடிந்ததும் வெடித்தார்.

"ஆக, எல்லாருக்கும் குணமாயிடுச்சு! ஒருத்தர் பாக்கியில்லை! ஆஸ்பத்திரியில என்னைப் பாத்து சிரிக்கிறாங்க, இங்க நீங்க நாடகம் போடறீங்களா? தோங்தி, உங்களுக்குக் கிரேன் வேணுமா?"

"பாட்டு கேட்டதும் மறந்துபோச்சு டாக்டரம்மா."

"அதுவும் மறந்துபோச்சா!"

"இந்த ஆளை நம்பி நடிச்சேன் பாரு," என்று முணுமுணுத்தார் லம்துவான்.

தோங்தி சுலபமாகக் குனிந்து பாயைச் சுருட்டினார். தட்டி, ரத்சனியிடம் நீட்டினார்.

"அந்தச் சூளைப் பொண்ணுக்குக் குடுங்க. நாங்க நாளை மறுநாள் வந்து புல்லுலயே படுத்துக்கிறோம்."

"குணமானப்புறம் இங்க என்ன வேலை உங்களுக்கு? எதுக்கு வரணும்?"

தோங்தி ரத்சனியின் இடது கையைப் பார்த்தார். பாட்டு முடிந்து இவ்வளவு நேரமாகியும் அந்தக் கை மரத்தை விடவில்லை.

"நாங்க வந்து மறந்துபோச்சுன்னு சொல்லலைன்னா உங்க முதுகை யாரு டாக்டரம்மா சரிபண்றது?"