முதல் கையெழுத்து

தெருவை இடித்து இருபது மாடி கட்ட வந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் பெரியவர் நிமிர்ந்தே நின்றார். முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்தவர்; படிக்காமல் ஒரு கோப்பிலும் பேனா வைத்ததில்லை.

"பதினாறு வீட்டுக்காரரும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கோம். அப்புறம் எதுக்கு அளக்க ஆள் அனுப்புறீங்க?"

மேலாளர் விழித்தார். "ஆட்சேபமா? பதினாறு பேரும் சம்மதம்னுல்ல கொடுத்திருக்கீங்க! உங்க தம்பிதான் கொண்டுவந்தாரு. அதுக்குப் பதிலாத்தான் மேல் மாடி முழுசும் அவருக்கு."

"என் தம்பியா? நாக்கை அடக்கிப் பேசுங்க. எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் கிடையாது."

மேலாளர் தாள்கட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முதல் கையெழுத்து பெரியவருடையதுதான்.

'ஆட்சேப மனு; அண்ணன் போட்டாத்தான் தெருவே போடும்' என்று தம்பி அன்று பேனாவை நீட்டியபோது அவர் பூரித்துப்போனார். படித்துப் பார்த்தால் கூடப்பிறந்தவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமே என்று மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

வாசலில் காத்திருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடிவந்தார். "என்னண்ணே, நம்ம வீடெல்லாம் தப்பிச்சுதா?"

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நீ படிச்சுப் பாத்தியாப்பா?"

"நல்லா கேட்டீங்க! மேல உங்க கையெழுத்து இருக்கும்போது படிச்சுப் பாத்தா, உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?"