மோர் டிரம்மின் காவல்

இது என் சொந்தக் கதை இல்லை. விடுதியில் என் அறைத்தோழன் இன்னாசி சொல்லக் கேட்டது.

தேர் இழுத்து வருபவர்களுக்காக ஓர் இரட்டைச் சுவர் டிரம்மில் மோர் குளிர்ந்திருந்தது. தேர் வரும்வரை சூடேறாமல் இருந்தால்தான் அது புளிக்காது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே காற்று காவல் இருந்தது.

காலையில் இளவெயில் வந்து, "ஐயா, கொஞ்சம் உள்ளே போகட்டுமா?" என்று கேட்டது.

"இங்கே யாருக்கும் வழி கிடையாது. நடையைக் கட்டு" என்றது காற்று.

"அண்ணன் இருக்கிறவரைக்கும் எனக்கு என்ன பயம்?" என்றது மோர்.

மதியம் உச்சிவெயில் வந்தது. அது எதையும் கேட்கவில்லை. வெளிச்சுவரில் சாய்ந்து நின்றது, அவ்வளவுதான். காற்றின் மூலக்கூறுகளுக்குள் ஒரே பரபரப்பு. சற்று நேரத்தில் மோர் வெதுவெதுத்தது.

"என்னண்ணே, காலையில வந்தவரை அந்த விரட்டு விரட்டினீங்களே!" என்றது மோர்.

"இவர் பெரிய இடம்ப்பா. வந்து நின்னாலே என் ஆளுங்களுக்குக் கால் தரையில நிக்கல. கையில கிடைச்ச சூட்டை அடுத்தவன்கிட்ட கொடுத்துட்டு ஓடுறானுங்க."

தேர் வந்தது. முதல் டம்ளரை வாயில் வைத்தவர் முகம் சுளித்தார். "கூப்பிட்டு வெச்சு இப்படிப் புளிச்சதையா கொடுப்பீங்க?"

"காவல் பலமாத்தான் இருந்தது" என்றது காற்று.

கதையைக் கேட்ட பிறகு புத்தகத்தில் பார்த்தேன். சூடேறச் சூடேறக் காற்று வெப்பத்தைக் கூடுதலாகவே கடத்துகிறது. ஆனால் காலைக்கும் மதியத்துக்கும் அந்த வித்தியாசம் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். அப்படியென்றால் காலையில் விரட்டியபோதும் காற்று வழி விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.