கூரையைத் தொடாத சுவர்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறையில், வீட்டுப் படம் வரையும் ஜூலியன் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். வரைவது அவனில்லை, கணினிக்குள் இருக்கும் ஏஐ ஏஜென்ட். சொன்னதும் சுவர் எழும்புகிறது, கதவு வந்து பொருந்துகிறது, ஜன்னலுக்கு வெளியே ஹட்டனில் யாரும் பார்த்திராத நீல வானம் விரிகிறது. பக்கத்தில் தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களோடு டெல்சி. பின்னால் பெஞ்சில் அவள் தங்கச்சி ஷிராணி. இருவருக்கும் கட்டப்போவது ஒட்டினாற்போல் இரண்டு வீடு. டெல்சியின் விரல் நடுச்சுவரில் நிற்கிறது. "தம்பி, இது கூரை வரைக்கும் போகக் கூடாதுங்க. இப்ப இருக்கிற தோட்டத்து லயத்து வீட்டுல நடுச்சுவருக்கு மேல தொறந்துதான் கெடக்கு. இவ வலிப்பு வந்து விழுந்தா, அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் ஓடுவேன்." ஜூலியன் தட்டுகிறான். சுவர் ஓரடி இறங்குகிறது. உடனே, பிழை கண்டேன், திருத்திவிட்டேன் என்று பணிவாக எழுதிவிட்டு ஏஜென்ட் அதைக் கூரையோடு சேர்க்கிறது. மறுபடி இறக்குகிறான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடி ஏற்றுகிறது. "ஒங்க தோட்டத்துத் தொரை மாதிரியேங்க அக்கா. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு அதுபாட்டுக்குச் செய்யுது," என்கிறான் ஜூலியன். இந்தத் தடவை அளவை விட்டுவிட்டுக் காரணத்தை எழுதுகிறான்: பக்கத்து வீட்டில் ஆள் விழுந்தால் கேட்க வேண்டும். திரை சற்று யோசிக்கிறது. தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். சுவர் இறங்குகிறது, இறங்கிய இடத்திலேயே நிற்கிறது. டெல்சி அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகிறாள். "அப்ப அத்தானோட கொறட்டையும் கேக்குமே," என்கிறாள் ஷிராணி. "கேட்டுக்கிட்டுக் கெட," என்கிறாள் டெல்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.