கேஸ் துப்பாக்கி

விசை இழுபடவில்லை.

அவள் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கி, மறுபடி வைத்து, மறுபடி இழுத்தாள். கல் மாதிரி நின்றது.

"போன மழைல துரு ஏறிப்போச்சு மேடம்" என்றான் ஃபாரஸ்ட் கார்டு போஜன்.

அவள் அதை மேசைமேல் போட்டாள்.

அவள் ரேஞ்சராக இருக்கும் அந்த வன அலுவலகத்தில் இருந்ததே இரண்டு ரைஃபிள்கள்தான். ஒன்று இது. இன்னொன்று தேயிலைத் தோட்டத்து பம்ப் ஷெட் பக்கத்தில், புல்லில் கிடக்கிறது.

அதை எடுத்துப்போன வாட்சர் நஞ்சன், ஷெட்டின் தகரக் கூரைமேல் கிடக்கிறான்.

கீழே கரடி.

காலையில் கொழுந்து பறிக்கப் போன ஒரு பெண்ணை அது கொன்றுவிட்டது. சுட்டுவிட மேலிடத்து அனுமதியும் வந்துவிட்டது. நஞ்சன் பத்தடி தூரத்தில் குறிவைத்து இரண்டு முறை சுட்டான். இரண்டு முறையும் 'டிக்' என்ற சத்தம்தான் வந்தது.

தோட்டாக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினோரு வருடம் பெட்டிக்குள் நமத்துக் கிடந்தவை. ஒன்று வெடித்தால் மூன்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அதனால் யாருமே சுட்டுப் பார்த்ததில்லை. எண்ணிக்கை மட்டும் எப்போதும் சரியாக இருந்தது.

போன் அடித்தது.

"மேடம், தொடை கிழிஞ்சிருச்சு. துண்ட வெச்சுக் கட்டியிருக்கேன். ரத்தம் நிக்கமாட்டேங்குது."

"அது என்ன பண்ணுது நஞ்சா?"

"தூணப் பிடிச்சு ஆட்டுது."

பட்டாசு போட்டுப் பார்த்தாயிற்று. மயக்க ஊசி போடும் டாக்டர் வந்து சேர இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். ஜீப் போகும் பாதை, ஷெட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நடைதான்.

அவள் பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள்.

சாக்கில் சுற்றிய ஒரு நீளக் கட்டு. அரக்கு முத்திரை. கேஸ் நம்பர் எழுதிய சீட்டு.

போஜன் பதறினான். "மேடம், அது கேஸ் சாமான். கோர்ட்ல கேட்டா?"

"கோர்ட்டுக்கு நான் போய்க்கிறேன். நஞ்சன் மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

அரக்கை உடைத்தாள்.

இரட்டைக் குழல் துப்பாக்கி. முன்னும் பின்னுமாக இரண்டு விசைகள். மடித்து, குழல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான்கு மாதம் சாக்கில் கிடந்தும் உள்ளே ஒரு புள்ளி துரு இல்லை. யாரோ எண்ணெய் போட்டுப் போட்டு வளர்த்த துப்பாக்கி.

கூடவே பிடிபட்ட தோட்டாக்கள். இரண்டே இரண்டு.

அதுவும் போதும், இரண்டும் வெடித்தால்.

வராந்தா பெஞ்சில் சன்னாசி உட்கார்ந்திருந்தான்.

கடமான் வேட்டைக் கேஸில் அவள் பிடித்த ஆள். ஜாமீனில் இருக்கிறான். தினமும் பத்து மணிக்கு இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். இன்று நோட்டை எடுத்து நீட்ட யாருக்கும் நேரமில்லாததால், பன்னிரண்டு ஆகியும் காத்திருக்கிறான்.

துப்பாக்கி அவன் மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது. அன்றிலிருந்து அவன் சொல்வது ஒன்றேதான். எவனோ கொண்டுவந்து போட்டுட்டுப் போயிட்டான்.

அது அவனுடையதுதான் என்று நிரூபிக்க அவளும் நான்கு மாதமாக அலைகிறாள். அவன் கையில் அதைப் பார்த்ததாகச் சொல்ல ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை கோர்ட். துப்பாக்கியைக் கண்டெடுத்த போஜன்தான் முதல் சாட்சி. இந்த நிலையில் போனால் சன்னாசி விடுதலை.

அவள் துப்பாக்கியோடு வெளியே வந்ததும் சன்னாசி நிமிர்ந்தான். உடனே தரையைப் பார்த்தான்.

"சன்னாசி, இதை நம்பிப் போகலாமா?"

"எனக்கென்ன மேடம் தெரியும்? அது எவனோடதோ."

அவள் தலையசைத்தாள். எதிர்பார்த்ததுதான்.

படி இறங்கினாள். போஜன் ஓடிப்போய் ஜீப்பைக் கிளப்பினான். மறுபடி போன். இந்த முறை நஞ்சன் பேசவில்லை. தகரம் அதிரும் சத்தமும், மூச்சு வாங்கும் சத்தமும் மட்டும் கேட்டன.

சட்டென்று கட்டானது.

ஜீப்பில் கால் வைத்தாள்.

"மேடம்!"

சன்னாசி எழுந்து நின்றிருந்தான்.

"முன் விசைய நம்பாதீங்க. பின்னாடி இருக்கறத மொதல்ல இழுங்க. முன்னது ஏமாத்தும். என்னய ரெண்டு தடவ ஏமாத்தியிருக்கு."

அவள் திரும்பினாள்.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்பது போல வேகமாகச் சொன்னான். "தூரத்துல சுடாதீங்க. அது கிட்ட வந்து எந்திரிச்சு நிக்கும். நெஞ்சுல வெள்ளை தெரியும். அதுவரைக்கும் பொறுங்க."

பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டான்.

அவள் போஜனைப் பார்த்தாள்.

வியாழக்கிழமையின் முதல் சாட்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம்கூட இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

"என்னா மழை மேடம்" என்றான். "ஒண்ணுமே காதுல விழல."



அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜீப் மேட்டில் திணறி ஏறியது. தோட்டா போடாத துப்பாக்கியை மடிமேல் வைத்து, பின் விசையை ஒருமுறை இழுத்தாள்.

இன்னொரு முறை.

பாதை முடியும்வரை, விரலுக்குப் பழகும்வரை, இழுத்துக்கொண்டே வந்தாள்.