சம்சாரம் கூடாது

குளச்சலில் ரசலையனின் சாயாக்கடை வாசலில் தொங்கிய பலகையைத் தமிழ் வாத்தியார் பாக்கியநாதன் மூன்றாம் முறையாக வாசித்தார்: 'இங்கே சம்சாரம் கூடாது.'

பாளையங்கோட்டையிலிருந்து குடிவந்து மூன்று நாள். "இந்த உப்புக்காத்துக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டதோடு வாயை மூடியவள்தான் மனைவி எஸ்தர். சமாதானமாகட்டும் என்று சாப்பிட அழைத்துவந்தால், இப்படி ஒரு பலகை!

அவளைப் புன்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நாலைந்து பெண்கள் பிள்ளைகளோடு புட்டு தின்றுகொண்டிருந்தார்கள்.

"இவங்கல்லாம் யாரு?"

"நம்ம ஊரு பெண்ணுங்கதான், சாரே."

"சம்சாரம் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"இங்க ஏது சம்சாரம்? நல்லா பாருங்க" என்றான் ரசலையன்.

பாக்கியநாதனுக்குத் தலை சுற்றியது. சம்சாரம் இல்லையென்றால் இவர்கள் யார்? பிள்ளைகள் வேறு இருக்கின்றனவே!

"என் சம்சாரம் வெளியே நிக்குது. என்ன செய்ய?"

"சம்சாரம் எப்பிடி சாரே நிக்கும்?"

பாக்கியநாதன் மரத்தடியைக் காட்டினார்.

"பொண்டாட்டியா! எங்க ஊருல சம்சாரம்னா பேச்சு, சாரே. குடிச்சிட்டு வாறவனுக்க கெட்ட பேச்சு குடும்பமா வாறவங்க காதுல விழப்பிடாதுன்னு எழுதிப்போட்டேன். கூட்டிட்டு வாங்க!"

உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டதும் எஸ்தர் குபீரென்று சிரித்தாள். "நல்ல தமிழ் வாத்தியார்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாடு என்னாகுமோ?" என்று ஆரம்பித்தவள், புட்டு வந்த பிறகும் நிறுத்தவில்லை.

ரசலையன் சிரித்தபடி பலகையைக் காட்டினான். "சாரே, சம்சாரம்!"

"ஆமாப்பா," என்றார் பாக்கியநாதன் நிம்மதியாக, "என் சம்சாரம்தான்."