கட்டையக்காவின் பிடி

ஒரு பழைய ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கியில் மூன்று பேர் குடியிருந்தார்கள். இரும்புக் குழல், அவனை அடியில் தாங்கிய மரக்கட்டை, குழல் நுனியில் குறிபார்க்க விறைத்து நின்ற குறிமுள்.

முதல் தோட்டா இலக்கு அட்டையின் நடுவில் பாயும். குழல் சூடேறியதும் அடுத்தது இடப்பக்கம் ஓடும். உடனே சொந்தக்காரர் ஜெரோம் குறிமுள்ளைச் சுத்தியலால் தட்டி நகர்த்துவார்.

“ஐயய்யோ! கோணலாப் போறது அவன், மண்டையில வாங்குறது நானா?” என்று குறிமுள் கீச்சிட்டான்.

“இன்னிக்கும் சரிவரலைன்னா சுவத்துல மாட்டிட வேண்டியதுதான்” என்று ஜெரோம் துப்பாக்கியிடம் உறுமினார்.

கட்டை பயந்துபோய்க் குழலை இன்னும் இறுக்கினாள். “நடுங்காதேடா தம்பி. அக்கா பிடிச்சிருக்கேன்ல?”

“அக்கா, சூட்டுல எனக்கு உடம்பு விரியுது. நீ இறுக்க இறுக்க ஒரு பக்கமா வளைஞ்சு போறேன்.”

“அப்போ என்னாலயா?” என்றாள் கட்டை.

ஜெரோம் கடைசி முயற்சியாகத் திருகாணியைக் கழற்றிக் கட்டையைப் பிரித்தார். குழல் அழுந்திய இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அங்கே உப்புத்தாளால் சர்ர் சர்ர் என்று இழைத்தார். வலித்தும் கட்டை முனகவில்லை. மறுபடி பூட்டியபோது, முன்பக்கம் இருவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தது.

சுட்டார். நடு. குழல் கொதிக்கக் கொதிக்கச் சுட்டார். அப்போதும் நடு.

“நடுங்கினியாடா?” என்றாள் கட்டை.

“ரொம்ப. அப்புறம் நானே நின்னுட்டேன்க்கா!”

கட்டைக்குச் சந்தோஷம்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.